போகும் என்றேன்

ஜூன் 12, வியாழன்

முட்டி வலி இன்று கொஞ்சம் அடங்கியிருந்தது. ஒன்பது மணிக்குப் பயணியர் அலுவலகத்தைத் திறந்தேன். பதினொரு பேர் வந்தார்கள், அதில் ஏழு பேர் கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள். இருபத்தெட்டு வருஷம் ஆட்களைக் கயிற்றில் கட்டி மலையேற்றிய இந்தக் கஸியானுக்கு இப்போது இந்த உத்தியோகம். சிரிக்கத்தான் வேண்டும்.

செராஃபின் எட்டிப் பார்த்தான். ஊர்த்தலைவர் என்ற தோரணையெல்லாம் வாசலோடு சரி, உள்ளே வந்தால் பள்ளிக்கூடத்தில் என் ரொட்டியைத் திருடித் தின்ற அதே பயல். ஏரிப் பாதை கடக்கிற குதிரை ஓடையில் பழைய பனி அப்படியே கிடக்கிறது, பாதையில் 'மூடப்பட்டது' பலகையை வைத்துவிடலாமா என்று கேட்டேன்.

"டேய், சீசன் ஆரம்பிச்சு நாலு நாள்தான் ஆகுது. பலகையைப் பார்த்தா அத்தனை பேரும் பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு ஓடிடுவானுங்க. கேக்குறவங்களுக்கு நீ வாயால சொல்லு, போதும்."

சரி என்றேன்.

ஜூன் 13, வெள்ளி

மழை. ஈ காக்கை இல்லை. முட்டி எப்படி என்று ஸீட்டா கேட்டாள். போகும் என்றேன். கல்யாணமாகி முப்பது வருஷமாக அவள் கேட்கிறாள், நான் அதையே சொல்கிறேன்.

ஜூன் 14, சனி

காலையில் வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. இரவு குளிர் அதிகம், மேலே பனியெல்லாம் இறுகியிருக்கும்.

முதல் ஆளாக வடக்குக் கடற்கரைப் பக்கத்து மனிதர் ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். புதுக் காலணி, பின் பக்கம் சிவப்பு வார். கால்மிதியில் இரண்டு முறை துடைத்துவிட்டு உள்ளே வந்தார். மனைவி வெளியே ஜன்னல் பூக்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கருப்பு ஏரிக்குப் போற பாதை எப்படிங்க?"

"போகும்" என்றேன்.

தொலைபேசி அடித்தது, எடுத்தேன். அவர் தலையசைத்து நன்றி சொல்லி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். நல்ல மனுஷர்.

பிற்பகல். ஹெலிகாப்டர் சத்தம். ஏரிப் பக்கம்தான்.

மாலை. குதிரை ஓடை. பனியில் வழுக்கி இருநூறு மீட்டர், கீழே பாறை. மனைவி இந்தக் கரையிலேயே நின்றிருக்கிறார். தீயணைப்புக் கொட்டகை முன்னால் இறக்கினார்கள். முகத்தை மூடியிருந்தார்கள். காலணி தெரிந்தது. சிவப்பு வார்.

ஜூன் 15, ஞாயிறு

பெயர் ஹென்னிங். கோயிலில் பாதிரியார் வாசித்தார்.

நான் என்ன சொன்னேன்? ஒரு சொல். ஒரே ஒரு சொல்.

இந்த ஊரில் உடம்பு எப்படி என்று கேட்டால் போகும். மாடு எப்படி, போகும். கல்யாணம் ஆனவனிடம் வீடு எப்படி என்றால் அதுவும் போகும்தான். செராஃபினின் அம்மா சாவதற்கு முந்தின நாள், எழுந்து உட்கார முடியாமல் கிடந்து, போகும் என்றுதான் சொன்னாள். நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்போமே. போகும் என்றால் சரியில்லை என்று அர்த்தம். காலையில் போகாதே, மதியத்துக்குமேல் பனி இளகிய பிறகு, காலணியில் இரும்பு முள் மாட்டிக்கொண்டு, பழகினவன் போகலாம் என்று அர்த்தம். இங்கே பிறந்த யாரிடம் சொல்லியிருந்தாலும் திரும்பி வீட்டுக்குப் போயிருப்பான்.

அவர் இங்கே பிறக்கவில்லையே. மலையையே காணாத தட்டைப் பூமிக்காரர். அது உனக்குத் தெரியாதா? பேச்சைக் கேட்டதுமே தெரிந்ததே. இன்னும் நாலு வார்த்தை சொன்னால் வாய் தேய்ந்துவிடுமா?

தொலைபேசி அடித்தது. ஆமாம், அடித்தது. அதனால் என்ன.

ஜூன் 16, திங்கள்

போலீஸிலிருந்து பீயுஸ் வந்தான். பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரன், நம் பேச்சுத்தான் அவன் பேச்சும்.

"பாதையைப் பத்திக் கேட்டாரா?"

"கேட்டார். போகும்னு சொன்னேன்."

"ஓ, அப்ப எச்சரிச்சிருக்கீங்க" என்று தானாகவே தலையாட்டி எழுதிக்கொண்டான். 'பாதை ஆபத்தானது என்று எச்சரிக்கப்பட்டார்.' வாசித்துக் காட்டினான். என் காதுக்கு அது பொய்யாகப் படவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

செராஃபின் தோளில் தட்டினான். "நல்லவேளை, சொல்லி வச்சே." தோளை விலக்கிக்கொண்டேன்.

ஜூன் 19, வியாழன்

இன்று அவருடைய மனைவி வந்தார். இம்கெ என்று பெயர். பீயுஸ் எழுதியதன் நகல் கையில் இருந்தது. கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன். நீங்க எச்சரிச்சிருக்கீங்க."

மேசைமேல் கிடந்த வரைபடங்களை அடுக்கினேன்.

"அந்தப் பனியைப் பார்த்ததும் எனக்குப் பயமாயிடுச்சு. திரும்பிடலாம்னு சொன்னேன். 'ஆபீஸ்ல கேட்டேன், போகும்னு சொல்லிட்டார், வா'ன்னார். ஆபத்துன்னு கேட்டுட்டு வந்து எங்கிட்ட மறைச்சிருக்கார். இருபத்தாறு வருஷம்... அவர் எங்கிட்ட பொய்யே சொன்னதில்லைன்னு நினைச்சுட்டிருந்தேன்."

சவப்பெட்டி திங்கட்கிழமைதான் கிளம்புமாம். அதுவரை செராஃபினின் விடுதியில் இருக்கிறாராம். அந்த மனுஷர் பக்கத்தில் போய் உட்காரக்கூட மனசு வரவில்லை என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், இடையில் ஒரு முழத் தூரம். சொன்னேனா? "பார்த்துப் போங்க, படி ஈரமா இருக்கு" என்றேன். படிக்கு எச்சரிக்கை! தூ.

ஜூன் 21, சனி

ஸீட்டாவிடம் சொன்னேன். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

"செத்தவருக்கு வாய் இல்லேன்னுதானே அவர் தலையில கட்டிட்டீங்க?"

"நான் கட்டலை. பீயுஸ் எழுதினான்."

"கையெழுத்து யாருது?"

செராஃபினிடமும் சொன்னேன். விடுதிப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"உனக்கென்ன பைத்தியமா? போகும்னா என்னன்னு இந்த ஊர்ல நாய்க்குக்கூடத் தெரியும். அந்தாளுக்குப் புரியலைன்னா நீ என்ன பண்ணுவே? இப்ப வாயைத் திறந்தா பலகை ஏன் வைக்கலைன்னு என்னைக் கேப்பானுங்க. அந்தம்மா ஊருக்குப் போகட்டும். ஒரு மாசத்துல எல்லாம் அடங்கிடும்."

அடங்கிவிடும். அவருக்கு அடங்குமா? மிச்ச வாழ்நாள் முழுக்கப் புருஷனைப் பொய்யன் என்று நினைத்துக்கொண்டு இருப்பாரே. அந்த மனுஷர் கேட்டதை அட்சரம் பிசகாமல் கொண்டுபோய்ச் சொல்லியிருக்கிறார். 'போகும்னு சொல்லிட்டார்.' நான் சொன்னதை என்னைவிடச் சரியாகச் சொன்னது அவர்தான்.

ஜூன் 22, ஞாயிறு

நாளை காலை பெட்டி கிளம்புகிறது. நான்கு தரம் விடுதி வாசல்வரை போய்த் திரும்பினேன். முட்டியைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

ஜூன் 23, திங்கள்

ஏழு மணிக்குப் போனேன். இம்கெ மூட்டை முடிச்சோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். உட்கார எனக்கு யோக்கியதை இல்லை.

"நான் எச்சரிக்கலைங்க. ஆபத்துங்கிற வார்த்தையே என் வாயில வரலை. போகும்னு மட்டும்தான் சொன்னேன். எங்க ஊர்ல அதுக்கு வேற அர்த்தம். உங்க வீட்டுக்காரருக்கு அது தெரிய நியாயமே இல்லை. அவர் உங்ககிட்ட எதையும் மறைக்கலை."

என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "அதை அன்னிக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்க" என்றார்.

"எதை?"

"அந்தச் சொல்லை."

"போகும்" என்றேன்.

கண்ணை மூடிக் கேட்டார். "இன்னொரு தரம்."

"போகும்."

"நானும் போயிருப்பேன்" என்றார்.

எழுந்து வெளியே, வண்டிக்குப் போய், பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். தலையைக் குனிந்து ஏதோ சொன்னார். வண்டிக்காரன் இரண்டு முறை மணியைப் பார்த்தான். நான் கூடத்திலேயே நின்றேன். அழுதேன். ஆமாம், அழுதேன், இங்கே எழுத என்ன வெட்கம்.

அப்படியே பீயுஸிடம் போய் வாக்குமூலத்தை மாற்றிக் கொடுத்தேன். "யோசிச்சீங்களா?" என்றான். யோசிக்காமல் சொன்னதுதான் அந்த ஒரு சொல் என்றேன்.

ஜூலை 4, வெள்ளி

வேலை போயிற்று. சாவியைச் செராஃபின் நேரில் வாங்கவில்லை, ஆள் அனுப்பினான். ஏரிப் பாதையில் இப்போது பலகை வைத்திருக்கிறார்கள். பனி உருகிவிட்டது.

ஜூலை 13, ஞாயிறு

கோயில் முடிந்து மதுக்கடைக்குப் போனேன். எங்கள் மேசையில் ஐந்து பேர். என் நாற்காலிமேல் யாருடைய கோட்டோ கிடந்தது. யாரும் எடுக்கவில்லை. நின்றபடியே குடித்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 20, சனி

இம்கெயின் கடிதம். இரண்டே வரி.

'ஹென்னிங் என்னிடம் பொய் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டேன், அதற்கு நன்றி. உங்களை மன்னிக்க மனம் வரவில்லை.'

ஸீட்டா வாசித்துவிட்டு மடித்து, இந்த நோட்டுக்குள்ளேயே வைத்தாள். சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

டிசம்பர் 2

பனி. விடாமல் கொட்டுகிறது.

ஜூன் 11, வியாழன்

தபால்தலை வாங்கப் போனேன். அதை இப்போதும் பயணியர் அலுவலகத்தில்தான் விற்கிறார்கள். என் இடத்தில் செராஃபினின் மைத்துனி ரோஸ்வீதா. எனக்கு முன்னால் இளம் ஜோடி, தோளில் புதுப் பை.

"நாளைக்குப் போகலாம்னு இருக்கோம், ஏரிப் பாதை எப்படி இருக்கு?"

"போகும்" என்றாள் ரோஸ்வீதா, தலைநிமிராமல்.

"போகாது!" என்று கத்திவிட்டேன். இரண்டு பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். ரோஸ்வீதா அவர்களைப் பார்த்துச் சிரித்தாள். "கண்டுக்காதீங்க. போன வருஷத்துலேருந்து அவருக்கு இப்படித்தான்." அவர்களும் சிரித்துவிட்டுப் போனார்கள். பலகை மறுபடியும் தீயணைப்புக் கொட்டகையில்தான் இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஜூன் 12, வெள்ளி

விடியற்காலையில் கிளம்பினேன். ஒரு மணி நேர வழி, எனக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. ஓடைக்கு இந்தப் பக்கம், இம்கெ நின்றிருந்த இடத்தில், ஒரு கல்லில் உட்கார்ந்தேன். பனி கண்ணாடி மாதிரி கிடந்தது. எட்டரைக்கு அந்த இளம் ஜோடி வந்தது. போகாது என்றேன். ஏன் என்று கேட்டார்கள். ஹென்னிங் விழுந்த இடத்தைக் காட்டினேன். இந்தத் தடவை சிரிக்கவில்லை. திரும்பிவிட்டார்கள். அப்புறம் இன்னும் நான்கு பேர்.

இறங்கி வருவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. ஸீட்டா வாசலில் நின்றாள்.

"முட்டி எப்படி இருக்கு?"

"உயிர் போகுது, ஸீட்டா. ரொம்ப வலிக்குது."

கையிலிருந்த வாளியை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். தோளைக் கொடுத்து உள்ளே கூட்டிப்போனாள். நாளைக்கும் மேலே போகவேண்டும். பனி உருக இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.