பாவாயி நர்ஸ் யார் வீட்டு அத்தை?

ஜூன் 8, 2025, ஞாயிறு

ஆன்லைனில் ஆரி எம்பிராய்டரி வகுப்பு எடுக்கும்போது இன்றைக்கும் இன்டர்நெட் லைன் போய்விட்டது. ஊசியைத் துணிக்குள் இறக்கி, நூலைக் கொக்கியில் மாட்டி, "இப்ப மெதுவா மேல இழுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் திரையில் எல்லாரும் அப்படியே உறைந்து நின்றுவிட்டார்கள். அவர்கள் திரையில் நான்தான் வாயைப் பிளந்தபடி நின்றிருந்தேனாம். ஒருத்தி அதைப் படம் பிடித்து குரூப்பில் வேறு போட்டிருக்கிறாள். நல்லா இருக்கட்டும்.

வேறு வேலை இல்லாததால் பேப்பரை வரி விடாமல் படித்தேன். நடுப்பக்கம் முழுக்கப் பாவாயி நர்ஸ். இந்த வருஷம் அவருக்கு நூற்றாண்டு, நாமக்கல்லில் விழா எடுக்கிறார்கள். ரோடு இல்லாத காலத்தில் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ப் பிரசவம் பார்த்தவர். திருமணிமுத்தாற்றில் வெள்ளம் போனபோது லாரி டியூபைப் பிடித்துக்கொண்டு அக்கரைக்குப் போய் இரட்டைப் பிள்ளைகளை எடுத்தாராம். டெல்லியில் விருது கொடுத்தபோது, "சீக்கிரம் விடுங்க, ஊர்ல ரெண்டு பேருக்கு நாள் நெருங்குது" என்றாராம். எனக்குப் படிக்கப் படிக்கப் புல்லரித்தது.

நிமிர்ந்தால் என் வீட்டுக்காரர் சாவகாசமாகச் சொல்கிறார், "எங்கப்பாவுக்கு அத்தைதான அவங்க."

கோழித் தீவனக் கடையில் யார் என்ன சொன்னார்கள் என்று தினமும் ஒன்று விடாமல் ஒப்பிக்கிற மனுஷன், கல்யாணமான இத்தனை வருஷத்தில் இதை ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேட்டால், "நீ கேக்கலையே கலைமணி" என்கிறார்.

ஜூன் 9

பிராட்பேண்ட் புகார் கொடுத்தேன். "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மெசேஜ் வந்தது. லைன் வரவில்லை.

ஜூன் 11, புதன்

பரண் மேலிருந்த பெட்டியில் படம் கிடைத்துவிட்டது. மாமனார் அங்கமுத்துவின் காதுகுத்துப் படம். தாய்மாமன் மடியில் மொட்டைத் தலையோடு அழுதுகொண்டிருக்கிறார். பக்கத்தில், அத்தை சீர்த் தட்டோடு நிற்க வேண்டிய இடத்தில், ஒல்லியாக ஒரு பெண், வெள்ளைச் சேலை. சிரிப்பு இல்லை. எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள், அவர் மட்டும் பிள்ளையின் காதைப் பார்க்கிறார். ஊசி சுத்தமாக இருந்ததா என்ற கவலையாக இருக்கும். பேப்பரில் வந்த அதே முகம்.

மாமனார் கதை கதையாகச் சொல்வாராம். அத்தை ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் மாமியார்க்காரி முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தண்ணீர் காய வைப்பது புருஷன் வேலை. "பெத்துக்கறவ அவ, தண்ணி காய வைக்கக்கூட உனக்குத் தெம்பில்லையா" என்று ஒரு பண்ணையக்காரரை ஊர் முன்னால் கேட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் யார் கேட்பார்கள் இப்படி? இவர் ரத்தம் என் மகள் உடம்பிலும் ஓடுகிறது என்று நினைக்கவே கர்வமாக இருந்தது. இருக்கட்டும், எழுதிவைத்தால் என்ன தப்பு.

உறவினர்கள் படங்களை விழாக்குழுவின் இணையதளத்தில் ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள். மத்தியானம் முழுக்க வட்டம் சுற்றியது. படம் போகவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

நான் சும்மா இருந்திருக்கலாம்.

ஆவணியில் என் மகள் இலக்கியாவுக்குக் கல்யாணம். பத்திரிகையில் யார் பேர் எங்கே வரவேண்டும் என்று பேச ஜலகண்டாபுரத்திலிருந்து பச்சமுத்து ஐயா வந்திருந்தார். மாப்பிள்ளை ஜெயபிரகாஷுக்குப் பெரியப்பா. சின்ன வயதில் அப்பாவை இழந்த பையனை வளர்த்து ஆளாக்கியவர். அந்த வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. நான்தான் பேப்பரையும் படத்தையும் கொண்டுவந்து நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இவங்க உங்களுக்கு என்ன வேணுமுங்க?"

"இவரோட அப்பாவுக்கு அத்தைங்க. சொந்த அத்தை."

காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "இது எங்க அத்தையாச்சுங்களே. எங்கப்பாரோட கூடப்பொறந்தவங்க. எனக்குக் காது குத்தறப்ப சீர் கொண்டாந்தாங்க. அவங்க செத்தப்ப பொறந்த ஊட்டுக் கோடிச் சேலை நாந்தானுங்க போட்டேன்."

கொஞ்ச நேரம் நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன், மக்கு மாதிரி. அட, ஒரே குடும்பம் என்று. அப்புறம்தான் அவர் விரல் விட்டு முறை பார்க்க ஆரம்பித்தார்.

"அப்படிப் பாத்தா உங்க மாமனாரும் நானும் பங்காளிங்க. இவரும் ஜெயபிரகாசும் அண்ணந்தம்பி. பொண்ணு அவனுக்கு மகமொறை ஆகுதுங்க."

மாப்பிள்ளை என் மகளுக்குச் சித்தப்பா!

குலதெய்வம் வேறு வேறு ஆயிற்றே என்றார் என் வீட்டுக்காரர். "பஞ்சத்துல ஊரு மாறுனவங்க சாமியும் மாத்திக்கிட்டாங்க. ரத்தம் மாறுமுங்களா?" என்று ஐயா எழுந்துவிட்டார். பத்திரிகை எழுதிய தாள் மேசையிலேயே கிடக்கிறது.

ஜூன் 16

வாய வெச்சுக்கிட்டு சும்மா இருந்தியா கலைமணி? பெருமை பீத்தணும். ஊரெல்லாம் கேக்கணும். இப்ப கேளு.

இலக்கியா என்னிடம் பேசவில்லை. நாலு வருஷம் பழகி, இரண்டு வீட்டையும் கரைத்துச் சம்மதிக்க வைத்த பிள்ளைகள். ஜாதகம் இடிக்கவில்லை, சீர் செனத்தியில் தகராறு இல்லை. செத்துப்போய் முப்பது வருஷத்துக்கு மேலான ஒரு நர்ஸ் குறுக்கே நிற்கிறார். இல்லை — அவர் எங்கே நின்றார். நான்தான் கொண்டுவந்து நிறுத்தினேன்.

ஜூன் 19, வியாழன்

"எங்க அத்தை இல்ல, அப்பா என்னமோ தப்பாச் சொல்லிட்டாருன்னு சொல்லிடலாமா?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "எங்கப்பா பொய் சொல்ல மாட்டாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் ஜெயபிரகாஷ் கூப்பிட்டான். பெரியப்பாவும் இறங்கவில்லையாம். "கண்ணாலம் நின்னா நிக்கட்டும், அத்தைய உட முடியாது" என்கிறாராம். எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லையே. பேப்பரில் படித்தே நான் இப்படி மயங்கிக் கிடக்கிறேன். அவர் கைபட்டு வளர்ந்தவருக்கு எப்படி இருக்கும்?

ஆனால் என் பிள்ளை சாப்பிடாமல் கிடக்கிறாளே.

ஜூன் 22, ஞாயிறு

விழாக்குழு இன்று வீடியோவில் கூட்டம் வைத்தது. பாவாயி நர்ஸிடம் வேலை கற்று, கடைசிவரை கூட இருந்த இன்னாசிமேரி சிஸ்டர் பேசினார். எண்பதைத் தாண்டியவர், நாமக்கல்லில் இருக்கிறார். நாங்கள் இங்கே உட்கார, பச்சமுத்து ஐயா ஜலகண்டாபுரத்தில் ஜெயபிரகாஷின் போன் முன்னால் உட்கார்ந்தார். இரண்டு வீடும் எதிர்பார்த்த கேள்வியை யாரோ கேட்டார்கள், அவங்க குடும்பம் எந்த ஊர் என்று.

"பாவாயி சிஸ்டருக்குக் கூடப்பொறந்தவங்கன்னு பாத்தா…" என்றார் அந்த அம்மா.

லைன் போய்விட்டது.

என் வீட்டுக்காரர் மோடத்தைத் தட்டுகிறார். இலக்கியா ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகுகிறாள். நான் போனில் நெட்டைப் போட்டு ஓடினால் இந்தச் சந்தில் ஒரு கோடுதான் காட்டும். லைன் திரும்பி வந்தபோது கூட்டம் நன்றியுரையில் இருந்தது. ஜெயபிரகாஷுக்கு அடித்தால் அவர்கள் பக்கம் கரண்ட் கட்டாம், டவரும் படுத்துவிட்டதாம். ஆத்திரத்தில் அழுதுவிட்டேன்.

ஜூன் 23

பிராட்பேண்ட்காரப் பையன் நவீன்குமார் வந்தான். "எங்க சைடு எல்லாம் பச்சையா காட்டுது மேடம்" என்றான். "என் சைடு எல்லாம் கருப்பா காட்டுது தம்பி" என்றேன். ஆத்தூர் ரோட்டில் பள்ளம் தோண்டுகிறவர்கள் ஒயரை அறுத்துவிட்டார்களாம். போன மாதமும் இதே பள்ளம்தான், இதே பதில்தான். பாவாயி நர்ஸ் ஆற்றையே தாண்டிப் போனார், இவர்களால் ஒரு பள்ளத்தைத் தாண்ட முடியவில்லை.

அந்த அம்மா சொன்னது தங்களுக்கும் விட்டுவிட்டுத்தான் கேட்டது, போனில் கேட்கலாமென்றால் அவருக்குக் காது கேட்காது என்று விழாக்குழுவில் சொன்னார்கள். சரி, நேரில் போய்விடுவது. பச்சமுத்து ஐயாவை நானே கூப்பிட்டேன். "அத்தை சமாச்சாரம்னா வாரேனுங்க" என்றார்.

ஜூன் 28, சனி

நாமக்கல் போய் வந்தோம். இன்றே எழுதிவிட வேண்டும்.

சேலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நான், என் வீட்டுக்காரர், பச்சமுத்து ஐயா மூன்று பேரும் ஒரே பஸ். இரண்டு ஆண்களும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி வந்தார்கள். இருவர் மடியிலும் ஒரே மாதிரி காதுகுத்துப் படம், துணியில் சுற்றி.

இன்னாசிமேரி சிஸ்டர் இரண்டையும் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். விழாக்குழுவுக்கு இதே மாதிரி ஒரு கட்டு வந்திருக்கிறதாம். எல்லாவற்றிலும் அத்தை இடத்தில் அவரேதான்.

"சேலத்துல அனாதை விடுதியில வளந்தவங்க எங்க சிஸ்டர். அண்ணன் தம்பின்னு ஒரு ஆளு கெடையாது" என்றார்.

"அப்ப ஏனுங்க எல்லாரும் அத்தைங்கறோம்?" என்று பச்சமுத்து ஐயா கேட்டார்.

சேனை வைப்பதுதான் காரணமாம். பிள்ளை பிறந்ததும் அத்தைக்காரி சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தத் தண்ணீரால் வயிற்றுப்போக்கு வந்து பிள்ளைகள் செத்தன. பாவாயி நர்ஸ் சொல்லிப் பார்த்தார், சண்டை போட்டுப் பார்த்தார். அவர் தலை மறைந்ததும் வைத்துவிடுவார்கள். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். கையைக் கழுவிக்கொண்டு, பெற்றவளின் பாலையே விரலில் ஒரு சொட்டுத் தொட்டு, முதல் ஆளாகத் தானே பிள்ளை உதட்டில் வைத்துவிடுவார். "சேனை வெச்சாச்சு, இனி ஒருத்தரும் வைக்கப்படாது." சேனை வைத்தவர் அத்தை. எந்த வீட்டில் வைத்தாரோ அந்த வீட்டு அத்தை. காதுகுத்துக்கு அழைத்தால் சீர்த் தட்டோடு போய் நிற்பார். போனால்தான் அடுத்த பிரசவத்துக்கும் நம்மைக் கூப்பிடுவார்கள் என்பாராம்.

இப்படி ஒரு மூளை! இப்படி ஒரு மனசு!

பச்சமுத்து ஐயா விடவில்லை. "பொறந்த ஊட்டுக் கோடி நாந்தானுங்க போட்டேன்."

"நீங்களும் போட்டிருப்பீங்க சாமி. நாங்க குளிப்பாட்டி முடிக்கறதுக்குள்ள இடுப்பு ஒசரத்துக்குச் சேலை குவிஞ்சு போச்சு. பொறந்த வீடுன்னு ஒண்ணு இருந்தா ஒரு வீட்டுக் கோடிதான வரும்?"

தனக்கு முன்னால் சில சேலைகள் கிடந்ததாகவும், சம்பந்தக்காரர்கள் போட்டது என்று நினைத்ததாகவும் ஐயா மெதுவாகச் சொன்னார். பிறகு, "அப்ப அவங்களுக்கு நாங்க யாருங்க?" என்றார்.

அந்த அம்மா யோசித்தார். மனசு நோகக் கூடாதென்று எதையாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஒரு ராத்திரி டூட்டி, சாமி. விடிஞ்சா அடுத்த ஊரு."

வெளியே வந்து மூவரும் டீக்கடையில் நின்றோம். என் வீட்டுக்காரர் அப்பாவின் படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டே இருந்தார், எவ்வளவு சுற்றியும் அவருக்குத் திருப்தியில்லை. எனக்கும் வலித்தது. வெறும் பத்திருபது நாள் எனக்கு உறவாக இருந்தவர்தான். ஆனாலும் வலித்தது. சொந்த அண்ணன் பிள்ளைக்குப் பார்ப்பதில் என்ன பெரிய பெருமை, யாரென்றே தெரியாத பிள்ளைக்கு அல்லவா பார்த்திருக்கிறார் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன். நினைக்க நினைக்க அவர் பெரிதாகிக்கொண்டே போனார்.

ராசிபுரம் தாண்டியதும் பச்சமுத்து ஐயா யாரையும் பார்க்காமல், "ஒரு ராத்திரி டூட்டிக்கா இந்தப் பாடு பட்டாங்க" என்றார். சேலத்தில் இறங்கும்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

"பத்திரிகைய அச்சுக்குக் குடுத்துருங்க."

வீட்டு வாசலிலேயே இலக்கியா என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம்.

ஜூலை 2

லைன் வந்தது. நவீன்குமாருக்கு போன் செய்து நன்றி சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டது.

ஆகஸ்ட் 28, வியாழன்

கல்யாணம் முடிந்தது. ஜலகண்டாபுரம் மண்டபத்து அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கால் இரண்டும் வீங்கிவிட்டன. பட்டுச் சேலையில் இலக்கியா யாரோ ஒரு பெரிய பெண் மாதிரி இருந்தாள். தாலி ஏறும்போது என் வீட்டுக்காரர் அழுதார், கேட்டால் ஹோமப் புகை என்கிறார்.

மண்டப வாசலில், செத்துப்போன பெரியவர்கள் படத்துக்கு இரண்டு மேசை. பெண் வீட்டு மேசையில் என் மாமனார், மாமியார். மாப்பிள்ளை வீட்டு மேசையில் ஜெயபிரகாஷின் அப்பா, தாத்தா, பாட்டி. நான் காலையில் பார்த்தபோது நடுவில் தனியாக ஒரு ஸ்டூல் போட்டு, இன்னொரு படம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். காதுகுத்துப் படம் இல்லை. விழாக்குழு அச்சடித்தது, தலையில் தொப்பியும் நர்ஸ் உடுப்புமாக இருப்பது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. பச்சமுத்து ஐயாதான் அங்கேயே நின்றுகொண்டு வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மேட்டூரிலிருந்து வந்த ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தம்மா யாருங்க? பொண்ணு பக்கமா, மாப்பிள்ளை பக்கமா?" என்றார்.

"ரெண்டு பக்கமும் இல்லீங்க" என்றார் பச்சமுத்து ஐயா. "நான் பொறக்கறப்ப பிரசவம் பாத்த நர்சுங்க."

அடுத்து வந்தவர் எதுவும் கேட்காமல் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு உள்ளே போனார். ஐயா அவரைத் திரும்பக் கூப்பிட்டு, படத்தைக் காட்டி அதையே சொன்னார்.