கடைசி வரிக்கு ஒரு சுழி

மார்ச் 14
பதினெட்டு வருடமாக அவையில் சுருக்கெழுத்து. இன்னும் கூட்டத்தை முடிக்கும் அந்தக் கடைசி வரி வரும்போது உடம்பு சிலிர்க்கிறது. அவைத்தலைவர் ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறார். அதுவரை தொண்டை கிழியக் கத்திய இருநூறு பேர் கப்சிப்பென்று எழுந்து போகிறார்கள்.

அந்த வரியை மட்டும் நாங்கள் யாரும் எழுதுவதில்லை. ஒரு சுழி போடுவோம். தட்டச்சு செய்யும்போது பழைய அறிக்கையிலிருந்து எடுத்து ஒட்டுவோம். இன்றும் அப்படியே.

கல்குவாரி மசோதா இன்றும் எடுக்கப்படவில்லை. அது சட்டமானால், குவாரித் தூசியில் நுரையீரல் கெட்டுப்போன மாமாவுக்கு, அக்கா புருஷனுக்கு, குவாரிக்காரர்கள் செலவில் சிகிச்சை. அக்கா காத்திருக்கிறாள்.

மார்ச் 15
மாமாவுக்கு இருமல் நிற்கவில்லை.

மார்ச் 21
அக்கா போனில் அழுதாள். "மசோதா செத்துப்போச்சாமேடி? நீ அங்கதானே இருக்கே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

மசோதாப் பிரிவுக்கு ஓடினேன். எழுத்தர் பதினான்காம் தேதிக் கூட்டத்தின் அச்சான அறிக்கையை நீட்டினார். "கூட்டத்தொடர் முடிஞ்சதுன்னு போட்டிருக்கே. நம்ம அவை விதிப்படி தொடர் முடிஞ்சா பாக்கி மசோதா எல்லாம் காலி. அச்சுல இருக்கிறதுதான் எங்களுக்கு வேதம்."

அறிக்கையின் அடியில் என் கையெழுத்து. அவைத்தலைவர் அப்படியா சொன்னார்? எனக்கு ஏன் ஞாபகமில்லை?

மார்ச் 22
காலை முழுக்க அவை நூலகத்தில். ஒத்திவைப்பது வேறு, தொடரை முடிப்பது வேறு. தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்தாலும் தொடர் உயிரோடுதான் இருக்கிறது. அவைத்தலைவர் நாளைக்கே கூப்பிடலாம். முடிப்பதற்கு நாட்டுத் தலைவரின் ஆணை வேண்டும். அதற்கு ஆங்கிலத்தில் ‘ப்ரோரோக்’ என்று பெயர். வேர் லத்தீனாம். ரோமாபுரியில் ஒருவரின் பதவிக்காலத்தை நீட்டிக்கலாமா என்று ஜனங்களிடம் கேட்பதற்கு அந்தச் சொல்.

கேட்பது. நீட்டிப்பது. கதவைச் சாத்துகிற சொல்லுக்கு அடியில் இரண்டாயிரம் வருடமாக ஒரு கேள்வி உட்கார்ந்திருக்கிறது. மலைத்துப்போய்ப் புத்தகத்தை மூடவே மனம் வரவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தை மரமண்டை நான் ஒரு சுழிக்குள் அடக்கி வைத்திருந்தேன்.

பிறகு ஒலிப்பதிவைக் கேட்டேன். "அவை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படுகிறது." அவ்வளவுதான். தொடரை முடிக்கும் ஆணை வாசிக்கப்பட்டது போன வருடம். நான் ஒட்டியது அந்த வரியை.

மார்ச் 23
பிரிவுத் தலைவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேலை போனால் போகட்டும் — மாமாவின் மூச்சை விடவா? அவர் அறிக்கையை வாங்கிப் பார்த்தார். "முப்பது வருஷமா நானும் சுழிதான்மா போட்டேன்" என்றார். திருத்தச் சீட்டில் என் பெயருக்குப் பக்கத்தில் அவரும் கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 25
திருத்தம் அச்சாகிவிட்டது. மசோதா பட்டியலில் இருக்கிறது. ஆனால் அவை கூடினால்தானே?

ஏப்ரல் 19
வேறொரு அவசரத்துக்காக அவையைத் திரும்பக் கூட்டினார்கள்; கையோடு கல்குவாரி மசோதாவும் நிறைவேறியது. பார்வையாளர் மாடத்தில் அக்கா. பக்கத்தில் மாமா, துண்டால் வாயைப் பொத்தி இருமலை அடக்கிக்கொண்டு.

பிறகு அவைத்தலைவர் ஆணையை வாசித்தார். இந்தத் தடவை நிஜமாகவே தொடர் முடிந்தது. எல்லோரும் எழுந்து போனார்கள். நான் மட்டும் குனிந்து, அந்த வரியை ஒவ்வொரு சொல்லாக எழுதிக்கொண்டிருந்தேன்.