கிளச்சுக்கு எண்ணெய் காட்டினவள்

மாப்பிள்ளை,

இன்று காலை பரணில் எலி செத்த நாற்றம். ஏணி போட்டு ஏறித் துழாவினேன். எலி அகப்படவில்லை. உன் பிஸ்கட் டப்பாதான் கையில் பட்டது. திறந்தால் உள்ளே கார்க்குத் துண்டுகள். மோட்டார் சைக்கிளின் கிளச்சுத் தட்டிலிருந்து நீ நெம்பி எடுத்தவை. எல்லாம் கறுத்து, ஓரம் தேய்ந்து, புளியங்கொட்டை மாதிரி இருந்தன. எதற்கடா இதைச் சேர்த்து வைத்தாய்? கழற்றிய எதையும் தூர எறிய மனசு வராத ஆள் நீ. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பரணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உன்னை எப்படி விளிப்பது என்று எனக்கு இன்னும் குழப்பம்தான். நாமக்கல்லில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள் நாம். என் தங்கை பாவாயி கழுத்தில் நீ தாலி கட்டிய மறுநாள், அம்மா பக்கத்தில் நின்றதால், "வாங்க மாப்ள" என்றேன். நீயும் முகத்தை இறுக்கிக்கொண்டு, "வாரேனுங்க மச்சான்" என்றாய். அதற்கப்புறம் ஊரார் முன்னே வாங்க, போங்க என்று 'ங்க' போட்டே பேசினோம். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தால் மட்டும் பழைய டா திரும்பி வந்துவிடும். இந்த மடலையும் அங்கே படுத்துக்கொண்டு பேசுவதாகவே வைத்துக்கொள்.

ஏற்காட்டுத் தோட்டக்காரத் துரை ஊருக்குக் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போன வண்டி அது. நாம் வாங்கியபோதே கிழம். ஊரார் சைடுகாரைத் தொட்டி என்றார்கள். தொட்டியில் நான், சீட்டில் நீ. சேலத்துக்கும் சங்ககிரிக்கும் சுற்றாத நாள் குறைவு. போன இடத்திலெல்லாம் அது நின்றுபோகும் என்பது வேறு கதை. பின்சக்கரத்துக்கு மட்டும் பிரேக்கு, அதுவும் சங்ககிரி இறக்கத்தில் நாம் இரண்டு பேரும் காலை ஊன்றினால்தான் பிடிக்கும். செவ்வாய்ப்பேட்டைப் பழைய இரும்புக் கடையில் வேறொரு வண்டியின் முன்சக்கரத்தை டிரம்மோடு வாங்கி வந்து, உள்ளூர்க் கொல்லரிடம் கம்பி அடித்து வாங்கி, முன்பிரேக்குப் பூட்டினாய். முதல் நாள் நீ அதை அழுத்தியதில் நான் தொட்டியிலிருந்து எகிறிக் கள்ளிவேலியில் போய் விழுந்தேன். "பாத்தியா, எப்படிப் புடிக்குது" என்றாயே தவிர, எனக்கு அடிபட்டதா என்று கேட்கவில்லை. இந்த மனுசனுக்கா தங்கையைக் கொடுத்தோம் என்று முள்ளைப் பிடுங்கிக்கொண்டே நினைத்தேன்.

எஞ்சினைத் திறந்து கரி சுரண்டுவதும் வால்வு தேய்ப்பதும் உன் வேலை. கிளச்சு மட்டும் பாவாயி பொறுப்பு. அதை நீதான் அவளுக்குப் பழக்கினாய். கார்க்குக் காய்ந்தால் கருகிப்போகும், அவ்வப்போது நனைக்க வேண்டும் என்பதை அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னாய். "மாட்டுக்குத் தண்ணி காட்டறாப்பல இதுக்கு எண்ணெ காட்டோணும் புள்ள." அவளும் அப்படியே எடுத்துக்கொண்டாள். கல்தொட்டியில் எருமைகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, கோழி இறகை விளக்கெண்ணெயில் தோய்த்து, கிளச்சு மூடியின் சந்துவழியே சொட்டு விடுவாள். "வண்டிக்கு எண்ணெ காட்டியாச்சுங்க" என்று உள்ளிருந்து அவள் குரல் வந்தால்தான் நீ உதைப்பாய். மோட்டாரை எருமையாக்கிய குடும்பம் நம்முடையது என்று கேலி பேசுவேன். அவளுக்கு அதில் பெருமைதான்.

சீமையில் சண்டை வந்தது. கார்க்குத் தட்டு எங்கேயும் கிடைக்கவில்லை. மருந்துப் புட்டிகளின் மூடியைச் சீவிக்கூடப் பார்த்தாய், ஒரு மாதம் தாங்கவில்லை. பிறகு லாரி பிரேக்கின் லைனிங்கைத் துண்டு துண்டாக அறுத்து, அரம் போட்டு, கார்க்கு இருந்த குழிகளில் இறுக்கினாய். கூப்பனுக்கு அளந்து கொடுத்த பெட்ரோல் என்பதால் வண்டியை வெளியே எடுக்கவில்லை, ஆனாலும் அந்த வாரம் முழுக்க நீ தரையில் நடக்கவில்லை. "கார்க்கு எண்ணெயில வாழும், இது எண்ணெ பட்டா செத்துரும். இனி எண்ணெச் செலவும் மிச்சம்" என்று என்னிடம் சொன்னாய். சந்தைக்கு வந்த நாலு பேரிடமும் சொன்னாய். ஊரெல்லாம் சொன்ன நீ வீட்டுக்குள் சொல்லவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை. நீ சொல்லியிருப்பாய் என்று நினைக்கக்கூட இல்லை, அந்த யோசனையே எனக்கு வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஆயுத பூசை. கொழு, மண்வெட்டி, அரிவாள், தராசு என்று இரும்பாக இருந்த எல்லாவற்றையும் பாவாயி துலக்கிப் பொட்டு வைத்தாள். வண்டிக்கு அரளி மாலை போட்டாள். பூசை நாளாயிற்றே, மற்ற நாளைவிடத் தாராளமாகத்தான் எண்ணெய் காட்டியிருக்கிறாள்.

மறுநாள் விடிந்ததும் உனக்கு வாந்திபேதி. எருமப்பட்டிப் பக்கம் அந்த மாதம் அது பரவிக் கிடந்தது. வெயில் ஏறுவதற்குள் உன் கண் குழிக்குள் போய்விட்டது. நாமக்கல் ஆஸ்பத்திரியில் நரம்பில் உப்புத் தண்ணீர் ஏற்றுகிறார்கள், சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் பிழைக்கலாம் என்றார்கள். கைக்குழந்தை இருக்கிறது, ஒட்டிக்கொள்ளும் என்று பாவாயியை நீ கிட்டே விடவில்லை. உன்னைத் தொட்டியில் சாய்த்துப் போர்த்திவிட்டு நான் வண்டியை உதைத்தேன். "பதனமாப் போங்கண்ணா" என்றாள்.

ஊரைத் தாண்டும்வரை சரியாகத்தான் போனது. ஓடைப்பாலம் கடந்து மேடு ஏறும்போது எஞ்சின் அலறியது, சக்கரம் நகரவில்லை. விளக்கெண்ணெய் கருகும் வாடை வந்தது. மூடியைக் கழற்றினேன். தட்டு முழுக்க வழவழவென்று எண்ணெய். மூடியின் உள்பக்கத்தில் ஒரு கோழி இறகின் பிசிறு ஒட்டியிருந்தது. அதை விரலால் கிள்ளி எடுத்தேன். நீ தொட்டியில் இருந்தபடியே எட்டிப் பார்த்தாய்.

வேட்டியைக் கிழித்துத் துடைத்தேன். டாங்கியிலிருந்து பெட்ரோல் பிடித்துக் கழுவினேன். புழுதியை அள்ளி அப்பினேன். கொஞ்ச தூரம் ஏறும், மறுபடி வழுக்கும். அந்த லைனிங் குடித்த எண்ணெயை விடுவதாக இல்லை. உன் முன்பிரேக்கு நன்றாக இருந்தது, நீ வால்வு தேய்த்த எஞ்சின் அவ்வளவு அழகாக ஓடியது. நான் அந்த வண்டியை எட்டி உதைத்தேன். நடுரோட்டில் உட்கார்ந்து அழுதேன்.

பின்னால் கடலைக்காய் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி வந்தது. வண்டிக்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல் மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு உன்னைத் தூக்க வந்தார். அப்போதுதான் என் கையைப் பிடித்தாய். அந்நிய ஆள் முன்னால், முதல் தடவையாக, டா போட்டாய்.

"நாந்தான்டா அவகிட்டச் சொல்லுல. அவ மேல தப்பில்ல."

தண்ணீர் கேட்டாய். நாக்கை நனைத்தேன்.

"சொல்லிப்போடாதடா. தெரிஞ்சா அவ இருக்கமாட்டா."

காளைகள் அவற்றால் ஆன மட்டும் ஓடின. ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் உன் கையில் நரம்பைத் தேடித் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. காலையிலேயே கொண்டு வந்திருக்கலாமே என்றார். காலையில்தான் கிளம்பினோம் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

உன் உடலை வீட்டில் கிடத்தியபோது பாவாயி தூணைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வண்டி ஏனுங்ணா போவுல?" வாய்க்கு முதலில் வந்ததைச் சொன்னேன். "பெட்ரோல் தீந்துபோச்சு சாமி. பாக்காம எடுத்துட்டேன்."

கூப்பனுக்குப் பெட்ரோல் வாங்கிய காலம், எல்லாரும் நம்பினார்கள். மாப்பிள்ளையைப் பாதி வழியில் விட்டவன் என்று ஊர் பேசிற்று. அம்மா சாகும்வரை என் முகம் பார்த்துச் சோறு போடவில்லை. பாவாயியும் உன் மகளும் அன்றிலிருந்து என் வீட்டில்தான் இருக்கிறார்கள். வேளைக்குத் தட்டு வரும், பேச்சு வராது. சில நாள் கோபம் பொங்கும், உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வரும். உன்மேல்தான் எனக்குக் கோபம், அவள்மேல் இல்லை. நீ பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டாய். தினமும் அவள் முன்னால் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் நான்.

சண்டை முடிந்துவிட்டது. பெட்ரோல் தாராளமாகக் கிடைக்கிறது. நான் வண்டியைத் தொடுவதில்லை. போன வாரம் ஆயுத பூசை. கொட்டகைப் பக்கம் போனேன். பாவாயி வண்டிக்குப் பொட்டு வைத்துவிட்டு, குத்தவைத்து உட்கார்ந்து, கிளச்சு மூடியின் சந்தில் இறகால் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். நான் தடுக்கவில்லை, நின்று பார்த்தேன். என்னைத் திரும்பிப் பார்க்காமலே பேசினாள். இத்தனை வருசத்தில் அவளாக என்னிடம் பேசியது அதுதான்.

"நானு படிக்காதவ. அன்னைக்கு இதுக்கு எண்ணெ காட்ட நானு மறக்குலீங்களே. ஒரு பெட்ரோலப் பாக்க நீங்க மறந்துட்டீங்களேண்ணா."

"ஆமா சாமி. நீ மறக்குல. நாந்தான் மறந்துட்டேன்" என்றேன்.