ரோடு எப்படிம்மா இருக்கு?

விழுப்புரம்
8-1-1986

அன்பு மகள் ஜெயத்துக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம், என் இடுப்பைத் தவிர.

இடுப்பின் கதையை நானே சொல்லிவிடுகிறேன். உன் அம்மா எழுதித் தெரிந்தால் இன்னும் கேவலம். ரோடெல்லாம் ஐஸாக உறைந்து கிடக்கிறது, அதன் மேல்தான் கார் ஓட்டுகிறேன் என்று எழுதியிருந்தாய். அதெப்படி வண்டி நிற்கும் என்று எனக்கு ஒரே யோசனை. போன வாரம் திண்டிவனத்தில் டிரிப் முடிந்து பஸ்ஸை நிறுத்திவிட்டு, மீனுக்கு ஐஸ் போடுகிற பேக்டரிக்குப் போனேன். "ஒரு கட்டி மேல ஏறி நின்னு பாத்துக்கட்டுமாப்பா?" என்று கேட்டேன். "இன்னா டிரைவரே, காலைலயே ஊத்திக்கினியா?" என்றான் ஐஸ் உடைக்கிறவன். ரப்பர் செருப்போடு ஏறியது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது கூரைத் தகடு. மல்லாந்து கிடந்தேன். கண்டக்டர் முத்துசாமி விழுப்புரம் வரும்வரை ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இதைச் சொல்லிக்கொண்டே வந்தான். அன்றைக்கு எத்தனை பேருக்கு டிக்கெட் கொடுக்க மறந்தானோ.

ஆக, ஐஸ் என்றால் என்ன என்று இப்போது எனக்கும் தெரியும். எட்டாவது பெயிலானவன் புத்தி சொல்கிறேன் என்று சிரிக்காமல் கேள். பனமலைப் பக்கம் தை மாசம் கேப்பைக் கதிரை ரோட்டில் பரப்பிவிடுவார்கள், பஸ் ஏறித் தானியம் உதிரட்டும் என்று. உனக்கே தெரியும். அதன் மேல் பிரேக் போட்டால் வண்டி மாடு திமிறுவதுபோல் பின்பக்கத்தைத் திருப்பும். நாங்கள் என்ன செய்வோம் என்றால், தூரத்திலேயே கியரைக் குறைத்துவிடுவோம். கதிர் மேல் ஏறியதும் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்போம். பிரேக் பக்கமே கால் போகாது. உன் ஐஸுக்கும் அதுதான் என்று நினைக்கிறேன்.

மாப்பிள்ளையை ஓட்டச் சொல்லக்கூடாதா? வேங்கடேசன் என் அக்கா மகன்தான், ஆனாலும் மாமாவுக்கு ஒரு வரி எழுத நேரமில்லை போலிருக்கிறது. வேலை அதிகமோ?

உன் தங்கை அம்மணிக்குத் திண்டிவனத்திலிருந்து ஒரு இடம் வந்திருக்கிறது. பையனுக்கு மின்சார போர்டில் வேலை. அப்பா சின்னதுரை மல்லாட்டை மண்டி வைத்திருக்கிறார், வரும்போதே ஒரு பை வேர்க்கடலையோடுதான் வந்தார். பெண் பார்க்க வந்தவர் அம்மணியைப் பார்த்ததைவிட, சுவரில் மாட்டியிருக்கும் உங்கள் அமெரிக்கா போட்டோவைத்தான் அதிகம் பார்த்தார்.

பேத்தி வேணிக்கு முத்தம்.

உன் அப்பா,
கோதண்டபாணி


பஃபலோ
25-1-1986

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் விழுந்த கதையை வேணி திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள். நானும் ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தேன். இடுப்பு தேவலையா? அம்மாவை உப்பு வறுத்து ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேப்பைக் கதிர் யோசனை சரிதான். இங்கேயும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். என்ன, அங்கே வண்டி போனபிறகு ரோட்டில் தானியம் இருக்கும்.

பனி அதிகமாகப் பெய்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுகிறார்கள். நம் ஊரில் புயல் வந்தால் கலெக்டர் லீவு விட்டார் என்று ரேடியோவில் ஒரு வரி வரும். இங்கே விடியற்காலையில் ஒவ்வொரு பள்ளிக்கூடத்தின் பேராகப் படிப்பார்கள். தன் பள்ளிக்கூடத்தின் பேர் வரவேண்டும் என்று வேணி போர்வைக்குள் சாமி கும்பிடுவாள். வரக்கூடாது என்று நான் அடுப்பருகில் நின்று கும்பிடுவேன். ஒரே சாமி, பாவம், என்ன செய்யும்?

நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையல்கட்டில் வேலை செய்கிறேன். பள்ளிக்கூடத்தை மூடினாலும் அதை மூடமாட்டார்கள். வயசானவர்கள் சாப்பிட வேண்டுமே. அன்றைக்கு வேணியை விட்டுப் போக ஆள் கிடையாது. பின் சீட்டில் கம்பளியைச் சுற்றிப் படுக்கவைத்து அழைத்துப் போகிறேன். குழந்தைகள் இந்த ரோட்டில் வரவேண்டாம் என்றுதான் பள்ளிக்கூடத்தை மூடுகிறார்கள். அதே ரோட்டில் நான் என் குழந்தையைக் கொண்டுபோகிறேன்.

ஆள் கிடையாது என்று எழுதிவிட்டேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. அவர் தீபாவளிக்கு முன்பே எங்களை விட்டுப் போய்விட்டார். வேறு ஊரில் வேலை, வேறு வீடு. அந்த வீட்டில் வேறு ஒருத்தி இருக்கிறாள். திரும்பி வரமாட்டேன் என்று அவரே போனில் சொன்னார். சண்டை போடக்கூட இல்லை அப்பா, தண்ணீர் கேட்கிற மாதிரி சொன்னார். அத்தைக்குத் தெரியாது. அம்மாவிடம் இப்போது சொல்லவேண்டாம்.

நான் வேணியைக் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கே வந்துவிடட்டுமா? விமான டிக்கெட்டுக்கு வழி செய்துவிட்டேன். உங்களிடமிருந்து எனக்கு வேண்டியது, வா என்று ஒரு சொல்தான்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
உங்கள் ஜெயம்


விழுப்புரம்
14-2-1986

அன்பு மகள் ஜெயத்துக்கு,

உன் கடிதத்தை டிரைவர் சீட்டில் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்தபோது பஸ் புறப்படும் நேரம் தாண்டிவிட்டது. "இன்னாண்ணா, ஸ்டியரிங்க புடிச்சிக்கினே தூங்கிட்டியா? ஜல்தியா எடு, ஜனம் கத்துது" என்று முத்துசாமி வந்து உலுக்கினான். ஆமாம், தூங்கிவிட்டேன் என்று சொன்னேன். அன்று விக்கிரவாண்டியில் நிறுத்தாமலே வந்துவிட்டேன். இறங்கவேண்டிய ஒரு அம்மாள் என்னைப் பேசிய பேச்சை ஏர்மெயிலில் எழுத முடியாது.

ஜெயம், அவனை என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை. என் மடியில் வளர்ந்த பையன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அம்மணிக்குத் திண்டிவனம் இடமே நிச்சயமாகிவிட்டது. வைகாசியில் முகூர்த்தம். "அமெரிக்கா மாப்பிள்ள வந்துடுவாரு இல்ல சம்பந்தி? பத்திரிகைல அவரு பேரத்தான் மொதல்ல போடணும்" என்று சின்னதுரை கேட்டார். "பின்னே, வராம?" என்று என் வாய் சொல்லிவிட்டது. உன் கடிதம் வந்த மறுநாள் இது நடந்தது. தெரிந்தே சொன்னேன்.

அம்மணிக்கு முன்னாலேயே வந்த இடங்கள் தட்டிப்போனது உனக்குத் தெரியும். இப்போது நீ குழந்தையோடு தனியாக வந்து இறங்கினால் அந்த மண்டியில் என்ன பேசுவார்கள், எப்படிப் பேசுவார்கள் என்பதெல்லாம் எனக்கு இங்கிருந்தே கேட்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள் அம்மா. கல்யாணம் முடியட்டும். வைகாசி ஒன்றும் தூரமில்லை.

அதுவரை வண்டியை ஜாக்கிரதையாக ஓட்டு. டயரில் பட்டன் தேய்ந்திருக்கிறதா என்று பார். மொட்டை டயரோடு போகாதே. முன்னால் போகும் வண்டியிலிருந்து ரொம்பத் தள்ளியே வா. பின்னால் டிக்கியில் ஒரு மணல் மூட்டை போட்டுக்கொள், வண்டி அமுங்கி நிற்கும். பாலம் வந்தால் இன்னும் மெதுவாகப் போ. பாலத்தின் மேல் குளிர் அதிகம் என்று நானாகவே நினைக்கிறேன்.

தாளில் இடம் தீர்ந்துவிட்டது. பதிலைச் சீக்கிரம் எழுது.

உன் அப்பா,
கோதண்டபாணி


பஃபலோ
2-3-1986

அன்புள்ள அப்பாவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன்.

பயப்படாதீர்கள். வேணிக்கு ஒன்றுமில்லை. போன வாரம் மறுபடியும் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். வேலைக்கு வரமுடியாது என்று போன் செய்தேன். ஏற்கெனவே இரண்டு தடவை அப்படிச் சொல்லிவிட்டாய், இன்னொரு தடவை என்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். கிளம்பினேன். ரோடு ஈரமாக இருப்பதுபோல் கறுப்பாகத் தெரிந்தது. ஈரமில்லை, கண்ணாடிபோல் ஐஸ். நான் பிரேக்கைத் தொடவில்லை அப்பா. மெதுவாகத்தான் போனேன். நேராகத்தான் பிடித்திருந்தேன். மணல் மூட்டையும் இருந்தது. எல்லாம் சரியாகச் செய்தும் வண்டி அதுபாட்டுக்குப் போய்ப் பள்ளத்தில் இறங்கியது.

வலது மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். யாராவது நின்று தூக்கும்வரை காருக்குள்ளேயே இருந்தோம். "அம்மா, நாம் தாத்தா மாதிரி விழுந்துவிட்டோமா?" என்று வேணி கேட்டாள்.

அம்மணியின் கல்யாணத்துக்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன். விழுப்புரத்துக்கே வரவில்லை. அனந்தபுரத்தில் பெரியம்மா வீட்டுப் பின்கட்டில் இருந்துகொள்கிறேன். முகூர்த்தம் முடியும்வரை வெளியே தலைகாட்டமாட்டேன். வேணியையும் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்கிறேன்.

கடிதம் வந்து சேர நாளாகிறது. கீழே என் போன் நம்பர் இருக்கிறது. ஒருமுறை கூப்பிடுங்கள். நான் கேட்கிறேன், நீங்கள் பதில் சொன்னால் போதும்.

உங்கள் ஜெயம்


பஃபலோ
24-3-1986

அப்பாவுக்கு,

போன் செய்ததற்கு நன்றி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தாலும் உங்கள் குரல்தான் என்று தெரிந்தது.

வரட்டுமா என்று கேட்டேன். ரோடு எப்படிம்மா இருக்கு என்றீர்கள். லைன் சரியில்லை போலிருக்கிறது என்று மறுபடியும் கத்திக் கேட்டேன். மெதுவா ஓட்டும்மா, டயரைப் பார்த்துக்கோ என்றீர்கள். அதற்கு மேல் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. யாரோ ஒருவர் வாங்கி, ஹலோ, அங்க இப்ப ராத்திரியா பகலா என்று கேட்டார். ராத்திரி என்றேன். சிரித்தார். அதோடு லைன் போய்விட்டது.

ரோடு இப்போது நன்றாக இருக்கிறது. உப்பு போட்டுப் பனியை ஒதுக்கிவிட்டார்கள். முதியோர் இல்லத்து வேலை போய்விட்டது. வேறு ஊரில் ஒரு வேலை பார்த்திருக்கிறேன். இந்த வீட்டை மாதக் கடைசியில் காலி செய்கிறோம். புது விலாசம் நிலையானதும் எழுதுகிறேன்.

அம்மணிக்கு ஒரு புடவை அனுப்பியிருக்கிறேன். அவளிடம் என் ஆசீர்வாதத்தைச் சொல்லுங்கள். அம்மா கேட்டால் நான் நன்றாக ஓட்டுகிறேன் என்று சொல்லுங்கள்.

ஜெயம்


விழுப்புரம்
9-6-1986

என் மகள் ஜெயத்துக்கு,

புது விலாசம் இன்னும் வரவில்லை. பழைய விலாசத்துக்குப் போட்டது இது எத்தனையாவது என்று மறந்துவிட்டேன். இங்கே வீடு மாறிப்போனாலும் தபால்காரர் அந்தோணிசாமி விசாரித்துக்கொண்டு போய்க் கொடுத்துவிடுவார். அங்கேயும் அப்படி ஒருத்தர் இருக்கமாட்டாரா என்றுதான் எழுதுகிறேன்.

அம்மணியின் கல்யாணம் முடிந்தது. நீ அனுப்பிய புடவையைத்தான் மாலையில் கட்டிக்கொண்டாள். பத்திரிகையில் வேங்கடேசன் பேர் முதலில் இருந்தது. மண்டபத்தில் பார்க்கிறவர்களெல்லாம் பெரிய பொண்ணு எங்கே, பெரிய மாப்பிள்ளை எங்கே என்று கேட்டார்கள். அங்கே பனி, ரோட்டை மூடிவிட்டார்கள், பள்ளிக்கூடம்கூட கிடையாது என்று சொன்னேன். வேர்வை ஊற்றுகிறது, கையில் விசிறி, நான் பனியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "வைகாசிலயுமா சம்பந்தி?" என்று சின்னதுரை கேட்டார். "அது ரொம்பப் பெரிய ஊருங்க" என்றேன். அவரும் தலையாட்டினார். நான் சொல்கிற பொய்யை நம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருந்தது.

அம்மணி புருஷன் வீட்டுக்குப் போன அன்றே உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எப்பத்துலேருந்து தெரியும்?" என்று கேட்டாள். மாசியிலிருந்து என்றேன். அவ்வளவுதான். சோறு போடுகிறாள், துணி துவைத்து வைக்கிறாள், பேசுவதில்லை. நான் என்னைப் பற்றியே நாலு ஜோக் சொல்லிப் பார்த்தேன். எழுந்து போய்விட்டாள். நாளெல்லாம் பஸ்ஸில் வாய் ஓயாமல் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து வாயை மூடிக்கொண்டு உட்காருகிறேன்.

அன்று டெலிபோன் ஆபீசுக்கு நான் தனியாகப் போகவில்லை அம்மா. பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்காகச் சின்னதுரை விழுப்புரம் வந்திருந்தார். அமெரிக்காவுக்கு கால் போட்டிருக்கிறேன் என்று என் வாய்தான் உளறியது. "அப்படியா, நானும் வர்றேன், ஒரு ஹலோ சொல்லிட்டுப் போறேன்" என்று கூடவே வந்துவிட்டார். அந்தச் சின்னக் கூண்டுக்குள் என் தோளோடு தோள் ஒட்டி, போனில் வருவது கேட்குமா என்று காதை நீட்டிக்கொண்டு நின்றார். நீ கேட்டது எனக்கு நன்றாகக் கேட்டது. முதல் தடவையே கேட்டது. லைனில் ஒரு குறையும் இல்லை.

அவர் இல்லாமலிருந்தால் பதில் சொல்லியிருப்பேனா என்று தினமும் வண்டி ஓட்டும்போது என்னையே கேட்கிறேன். சொல்லியிருப்பேன் என்று சொல்லத்தான் ஆசை. தெரியவில்லை.

அந்தக் கூண்டுக்குள் நின்று நான் டயரையும் ரோட்டையும் பற்றிக் கத்தியது டெலிபோன் ஆபீஸ் முழுக்கக் கேட்டது. வாய்வரை வந்து நான் சொல்லாமல் விழுங்கியது ஒன்றுதான்.

வந்துடும்மா.