எண்பத்து நான்கு கிலோ வெல்லம்

இன்று காலை குளித்துவிட்டு வந்து, நீ தைத்துக் கொடுத்த அரக்கு நிற ஜாக்கெட்டைப் போட்டேன். கடைசி இரண்டு கொக்கிகள் சேரவில்லை. மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தேன், கையும் பிடித்தது. வெள்ளிக்கிழமை, விளக்கேற்ற நேரமாகிக்கொண்டிருந்தது. கழற்றி உள்பக்கம் திருப்பினேன். பக்கத் தையலுக்கு அப்பால், இரண்டு புறமும் ஒரு விரல் அகலத்துக்குத் துணி மடிந்து கிடந்தது. அதில் ஒன்றையடுத்து ஒன்றாக மூன்று தையல் கோடுகள்.

தைத்துக் கொடுத்த அன்றே சொன்னாய். "உள்ள துணி வுட்டுக்கீறேன்க்கா. நாளிக்கு நீ ரவ ஊதினா ஒண்ண பிரிச்சிக்கோ. இன்னும் ஊதினா இன்னொண்ணு."

"நான் எதுக்கு ஊதப் போறேன்? கல்யாணமான நாள்லேருந்து அம்பத்தெட்டு கிலோதான்" என்றேன், பெருமையாக.

"சர்தான். ஊதலன்னா அது பாட்டுக்கு உள்ள கெடக்குது. உனுக்கு இன்னா பேஜாரு?"

பிளேடை எடுத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முதல் தையலைப் பிரித்தேன். நூல் பட்பட்டென்று விட்டு வந்தது. நான்கு மாதமாக உனக்கு எழுத நினைத்ததை அப்போதுதான் எழுத முடியும் என்று தோன்றியது. எட்டாவதோடு நின்றுபோன படிப்பு என்னுடையது. எங்கள் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிற தாளையெல்லாம் படித்துப் படித்து வளர்த்துக்கொண்ட தமிழ். "யக்கா பேப்பர் வாசிச்சே வக்கீலாயிடுச்சு" என்று கேலி செய்வாய். அந்தப் படிப்புதான் உன்னிடம் என்னை அவ்வளவு தெரிந்தவளைப் போலப் பேச வைத்தது.

வேண்டுதலைச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். உன் மகளுக்குக் கல்யாணமாகி நான்கு வருடமாகக் குழந்தை இல்லை. எதிர்ச் சந்தில் உன் வாசலில் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "உன் எடைக்கு எடை வெல்லம் போடுதேன்னு அம்மன்கிட்ட வேண்டிக்கோ. வெல்லம் எங்க கடையிலேருந்து நான் தாரேன். துலாபாரம் வேண்டிக்கிட்டவங்கள அவ கைவிட்டதே இல்ல" என்றேன்.

நீ குனிந்து உன் இடுப்பைப் பார்த்தாய். "ஏங்க்கா, வேற யார்னா ஒல்லியா கீறவங்க வேண்டிக்கக் கூடாதா? அம்மனுக்கு சக்கர வியாதி வந்துரப் போவுது."

வேண்டிக்கொண்டாய். பேத்தி பிறந்தாள். அவளுக்கு மூன்றாம் மாதம் நடக்கும்போதே, "அடுத்த வெள்ளிக்கெயம போலாங்க்கா, வேண்டுதல நிறுத்தி வெக்கக் கூடாது" என்று நின்றாய். உனக்கு ஒரு கூச்சமும் இல்லை. கூச்சமெல்லாம் எனக்கு.

கோயில் தராசு மண்டபத்தின் நடுவில் தொங்குகிறது. ஒரு தட்டில் ஆள் உட்கார வேண்டும், மறு தட்டில் வெல்லம் ஏற வேண்டும். கும்பிட வந்தவர்கள் அத்தனை பேரும் நின்று பார்ப்பார்கள். பக்கத்தில் நான் நிற்க வேண்டும்.

அந்த வாரம்தான் லைனிங் துணி வாங்க ராயபுரம் போனோம், நினைவிருக்கிறதா? ஷேர் ஆட்டோவில் நான்காவது ஆளை ஏற்ற முடியாமல் டிரைவர் திரும்பிப் பார்த்தான். "யம்மா, ஒரு சீட்டுனு சொல்லிட்டு ரெண்டு சீட்ட அடைச்சிகினு கீறியே."

"ரெண்டு சீட்டுக்கே துட்டு வாங்கிக்கோ நைனா. வண்டி பள்ளத்துல மாட்னா மட்டும் ஒரே ஆளாத்தான் எறங்கித் தள்ளுவேன்" என்றாய்.

ஆட்டோவே சிரித்தது. டிரைவரும் சிரித்தான். நான் மட்டும் வெளியே திரும்பி, வரிசையில் நின்ற கண்டெய்னர் லாரிகளை எண்ணுவதுபோலப் பார்த்துக்கொண்டு வந்தேன். உன்னோடு வந்தவள் நான் என்று அந்த ஆட்டோவில் யாருக்கும் தெரியக் கூடாது என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம் நம்முடையது. என் பிரசவத்துக்கு என் பிறந்த வீட்டு ஆட்கள் வந்து சேரும்வரை என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் நீ.

மறுநாள் உன் மெஷின் முன்னால் வந்து நின்று சொன்னேன். "பேத்திக்கு ஒரு வயசு முடியட்டும். மொட்டையும் துலாபாரமும் சேர்த்து வெச்சுக்கிடுவோம். அதுக்குள்ள ஒரு பதினஞ்சு கிலோ மெலிஞ்சுரு."

"இன்னாத்துக்கு?"

"மூட்டு தேஞ்சிரும். சுகர் வந்திரும். உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

"போன மாசந்தான் கார்ப்பரேசன் ஆஸ்பத்திரில பாத்தாங்க. சக்கர இல்ல, பிரசர் இல்ல. ரவ நட, போதும்னு அந்த நர்சம்மா சொல்லிச்சு." மெஷினை மிதித்துக்கொண்டிருந்த உன் கால் நின்றது. "நெசமா சொல்லுக்கா. நான் எளைக்கணுமா?"

நீ கேட்டது உண்மையான கேள்வி. என் பதிலை நம்பி எடுத்துக்கொள்ளத் தயாராக, ஊசியில் துணி மாட்டியபடியே என் முகத்தைப் பார்த்தாய். வேண்டாம், நர்ஸ் சொன்னதே போதும், அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவோம் என்று சொல்லியிருக்கலாம்.

"ஆமா" என்றேன்.

மதியம் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிய நேரத்தில், மூட்டை எடை போடுகிற தராசில் உன்னை ஏற்றினோம். என் வீட்டுக்காரர் சோறு சாப்பிட மாடிக்குப் போயிருந்தார். எண்பத்து நான்கு. "மூட்டைக்குக் கழிக்கிறா மாதிரி பொடவைக்கும் சாக்குக் கழிவு போடுக்கா" என்றாய். நான் சிரிக்காமல் எழுதினேன். வீட்டு வரவு செலவு எழுதுகிற நீள நோட்டின் பின்பக்கத்தில் உனக்கென்று ஒரு பக்கம். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு வரி.

காலையில் கொள்ளுக் கஞ்சி, இரவில் சோறு கிடையாது, எண்ணெயில் போட்டது எதுவும் கிடையாது. பொட்டலத் தாள்களில் படித்ததையெல்லாம் சேர்த்து அட்டவணை போட்டு உன் மெஷின் சுவரில் ஒட்டினேன். காரப்பொடி மீன் வறுக்கிற வாசனை வந்தால், சந்தைத் தாண்டி வந்து எட்டிப் பார்ப்பேன். "போலீஸ் வந்துகினு கீது, சட்டிய மூடுங்கடா" என்று உன் வீட்டுக்காரரிடம் சொல்வாய்.

மூன்று மாதத்தில் இரண்டு கிலோதான் குறைந்தது. எனக்குக் கோபம். ஏமாற்றித் தின்கிறாய் என்றுகூடச் சொன்னேன். பிறகுதான் அது தொடங்கியது. எழுபத்தொன்பது. எழுபத்தாறு. எழுபத்திரண்டு. நான் சிவப்பு மையால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டேன்.

"இப்பல்லாம் பசிக்கறதே இல்லக்கா."

"வயிறு சுருங்கிட்டுன்னு அர்த்தம். நல்லதுதான்."

"ஒரு ஜாக்கெட்டு தெச்சா முதுகு அந்து போவுது."

"கொழுப்பு கரையும்போது அப்படித்தான் இருக்கும்."

எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. உன் ஜாக்கெட்டுகளை நீயே பிரித்துப் பிரித்து உள்ளே பிடித்துத் தைத்துக்கொண்டாய். அதைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சி. வெள்ளிக்கிழமைகளில் அம்மனுக்கு ஒரு விளக்கு கூடுதலாக ஏற்றினேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ கரைந்துபோய்க்கொண்டிருந்தாய், நான் அதற்காக அவளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

கண் மஞ்சளாக இருப்பதை உன் மகள்தான் பார்த்தாள். குழந்தையை உன் மடியில் போட வந்தவள், வெளிச்சத்தில் உன் முகத்தைத் திருப்பி, "யம்மா, கண்ணு இன்னா இப்டி கீது?" என்று கேட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாராவாரம் உன்னைத் தராசில் நிறுத்தி எண்ணைப் பார்த்தவள். உன் கண்ணை நிமிர்ந்து பார்த்திருக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "எடை எப்போலேருந்து குறையுது?" உன் மகள் என்னைப் பார்த்தாள். பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் பக்கத்தைத் திருப்பி, நட்சத்திரங்களின் மேல் விரலை வைத்துக் கீழே வந்தார். "இவ்ளோ தெளிவா யாருமே எழுதிட்டு வர்றதில்லம்மா" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். என் வாழ்க்கையில் என் கணக்கை ஒருவர் பாராட்டியதைக் கேட்டு நான் அவமானப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

கணையத்தில் கட்டி, பரவிவிட்டது என்றார். நான் தனியாகத் திரும்பிப் போய்க் கேட்டேன், மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று. "இந்த நோய்ல அப்படி உறுதியா எதுவும் சொல்ல முடியாதும்மா" என்றார். அந்தப் பதிலுக்குள் போய் ஒளிந்துகொள்ளப் பல நாள் பார்த்தேன். முடியவில்லை. நோயை நான் கொண்டுவரவில்லை, தெரியும். அது கதவைத் தட்டிக்கொண்டே இருந்தபோது, அது நான் அழைத்த விருந்தாளி என்று நினைத்துக்கொண்டு உன்னைச் சும்மா இருக்கச் சொன்னவள் நான்.

நீ என்னைக் குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கட்டிலோடு கிடந்த நாட்களில் நான் கஞ்சி கொண்டுவந்தால், "இதுல எண்ண கீதா, போலீசம்மா?" என்பாய். ஒரு நாள் உன் கையைத் தூக்கி, எலும்பின் மேல் தொங்குகிற வளையலைக் காட்டினாய். "இப்ப கூட்டிகினு போக்கா கோயிலுக்கு. வெல்லம் கம்மியாவும். ஒன்னோட வூட்டுக்காரருக்கு லாபம்."

அப்போதுதான் கேட்டேன், "என் மேல கோவமே இல்லையா?"

"அந்த காரப்பொடி மீனுக்குத்தான்க்கா கோவம்" என்றாய்.

பேத்தியின் முதல் பிறந்தநாள் நீ ஆஸ்பத்திரியில் இருக்கும்போது வந்து போனது. அடுத்த மாதம் நீ போய்விட்டாய்.

வேண்டுதல் நின்றுகொண்டிருந்தது. உன் மகள் வந்து, "ஆன்ட்டி, எங்கம்மா வெயிட்டுக்கு வெல்லம் போடணும். எந்த வெயிட்டுக்குப் போடறது?" என்று கேட்டாள். கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது நாற்பத்தாறு. நான் நோட்டின் பின்பக்கத்தைத் திறந்து முதல் வரியைக் காட்டினேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் கடை வெல்லத்தை நிறுத்துக் கட்டி, கோயிலுக்குக் கொண்டுபோனோம். துலாபாரச் சீட்டு எழுதுகிறவர், "உட்காரப் போறவங்க யாரு?" என்றார்.

"எங்கம்மா. அவங்க இல்ல" என்றாள் உன் மகள்.

"அப்ப நீ உட்காரு பாப்பா. இல்லன்னா குழந்தைய உட்கார வை. அந்த எடைக்குப் போட்டாப் போதும்."

"இல்லைங்க. எண்பத்து நாலு" என்றேன்.

"எழுதி வெச்ச எடைக்கு எப்படிம்மா துலாபாரம் போடுறது? காணிக்கையா எழுதிக்கிறேன், மூட்டைய அந்த ஓரமா இறக்குங்க."

"தட்டுலதான் வைக்கணும்."

என் குரல் உயர்ந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், பிறகு போங்கள் என்பதுபோலக் கையைக் காட்டினார்.

வெல்லத்தை ஏற்றினோம். அந்தத் தட்டு கல்தரையில் போய் இடித்து உட்கார்ந்தது. மறு தட்டு சங்கிலியோடு மேலே எழும்பி, என் தோள் உயரத்தில் நின்று ஆடியது. காலியாக. கூட்டம் கூடிவிட்டது. யாரோ, "இன்னாமா, ஆள ஏத்தாம வெல்லத்த மட்டும் ஏத்திட்டீங்க?" என்று கேட்டார்கள். இரண்டு பையன்கள் செல்போனைத் தூக்கினார்கள். நான் எதற்குப் பயந்தேனோ அது அத்தனையும் நடந்தது. அந்தத் தட்டுக்குப் பக்கத்தில், உன் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்த அதே இடத்தில், கைகூப்பிக்கொண்டு நின்றேன். உன் பேத்தி தன் அம்மாவின் இடுப்பிலிருந்து எட்டி அந்தத் தட்டின் விளிம்பைத் தொட்டு ஆட்டிவிட்டாள். சிரித்தாள். உன் சிரிப்பு.

அம்மனிடம் மன்னிப்புக் கேட்க நினைத்துப் போனேன். சன்னதியில் நின்றபோது, கேட்க வேண்டியது அவளிடம் இல்லை என்று புரிந்து வெறுமனே கும்பிட்டுவிட்டு வந்தேன்.

நீ போன பிறகு எனக்கு உடம்பு போட்டுவிட்டது. மதியத்தில் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும்போது தராசைத் தாண்டித்தான் மாடிக்கு ஏற வேண்டும். "ஏறி நின்னுதான் பாரேன்" என்கிறார் இவர். நான் ஏறவில்லை. போன வாரம் கார்ப்பரேசன் ஆஸ்பத்திரிக்குப் போய், ரத்தம் கொடுத்து, அந்த நர்சம்மாவிடமே கேட்டேன், நான் மெலிய வேண்டுமா என்று. "நல்லாத்தான் இருக்கீங்க. கொஞ்சம் நடங்க, போதும்" என்றார். உனக்குச் சொன்ன அதே சொல்.

தையல் பிரித்த இடத்தில் துணி வெயில் படாமல், வாங்கியபோது இருந்த நிறத்திலேயே அழுத்தமாக இருக்கிறது. போட்டுப் பார்த்தேன். கொக்கிகள் சேர்ந்துவிட்டன. கை தாராளமாக இருக்கிறது. நீ எனக்காக விட்டுவைத்த இடத்தில் நிற்கிறேன். உனக்காக நான் விட்டுவைத்தது எது என்று தேடிப் பார்த்தால், ஒரு நோட்டும் அதில் சிவப்பு நட்சத்திரங்களும்தான்.

அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. இந்த ஜாக்கெட்டில் இன்னும் இரண்டு தையல்கள் பிரிக்காமல் இருக்கின்றன.