முகத்தில் இல்லாத கோடுகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான்.

ஸ்டூடியோவுக்குப் புது கேமரா வந்திருக்கிறது. அதன் சென்சாரில், அதாவது வெளிச்சத்தைப் பிடிக்கும் தகட்டில், சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் வழக்கமான வரிசையில் இல்லை. எங்கள் சாஃப்ட்வேரோ பழைய வரிசை என்றே நினைத்து நிறத்தை நிரப்புகிறது. முகமெல்லாம் புழு நெளிவதுபோல் கோடுகள்.

நேற்று போட்டோ எடுக்க வந்த, ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் அக்கா ஒருவர் தன் படத்தைப் பார்த்து, "என்ன சார், மூஞ்சி இப்படி இருக்கு?" என்றார்.

"இருக்குற மூஞ்சிதானேம்மா வரும்?" என்று முதலாளி சிரித்தார். போன வாரம் டை கட்டியவர் படத்தில் இதே கோடு விழுந்தபோது, சாஃப்ட்வேரைத் திட்டியவரும் இவர்தான்!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அக்கா, உங்க மூஞ்சில ஒண்ணுமில்ல. எங்க சாஃப்ட்வேர்தான் சரியில்ல" என்று முதலாளி எதிரிலேயே சொன்னேன். வேறு சாஃப்ட்வேரில் திறந்து நல்ல படம் போட்டுக் கொடுத்தேன். இன்றுமுதல் எனக்குப் பின்னறை. வாடிக்கையாளர் கண்ணில் படக்கூடாதாம். கவலைப்படாதே, ஃபேன் இருக்கிறது.

தலைவலித் தைலம் அனுப்பு. கூடவே உன் படம் ஒன்று. "என் மூஞ்சி போட்டோவுல நல்லா விழாதுடி" என்றே இத்தனை வருஷம் படமே எடுக்காமல் ஓட்டிவிட்டாய். அப்படி உன்னிடம் சொன்னவன் எந்த ஸ்டூடியோக்காரன்?

முதலாளி கத்துகிறார். படத்தை மறந்துவிடாதே.

உன் மகள்