ஒரு ஏரியல், இரண்டு டிவி

ராத்தா,

உங்கள் வீட்டு ஏரியல் இப்போது என் முற்றத்தில் கிடக்கிறது. குழாயெல்லாம் துரு, கம்பிகளில் காக்கை எச்சம். இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவியும் கையிலிருந்து இரும்பு வாடை போகவில்லை. அந்தக் கையோடுதான் இதை எழுதுகிறேன்.

உங்கள் மகன் வீட்டை விற்றுவிட்டார். வந்தவர்கள் போன வாரம் கூரையில் டிஷ் பூட்டினார்கள். ஏரியலைக் கழற்றிப் பின்பக்கம் வீசினார்கள். மதிலுக்கு மேலால் என் வீட்டுக்கு வந்த வயரை, ஒரு வார்த்தை சொல்லாமல் வெட்டினார்கள். மறுநாள் சனிக்கிழமை, வெளிநாட்டுக் கழகங்களின் ஆட்டம். நீங்கள் மௌத்தாகிக் கண்ணை மூடிய பிறகும் நான் ஒரு சனிக்கிழமை தவறவிட்டதில்லை. இந்த வயதில் எனக்கு வேறு என்ன வேண்டும்? அந்த ஒன்றரை மணி நேரம் பந்தாட்டத்தை மரியாதையாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

“கேபிளும் வேணாம், டிஷ்ஷும் வேணாம் அப்பாயி. லிங்க் ஒண்ணு இருந்தாப் போதும்” என்றாள் பேத்தி. போனிலிருந்து டிவிக்கு எதையோ இழுத்துவிட்டாள். பந்து வருவதற்கு முன்னால் ஒரு பெண் வந்தாள். உடுப்பென்று பார்த்தால் இரண்டு கைக்குட்டை. கையில் சூதாட்டச் சீட்டு. அவளை மூடினால் இன்னொருத்தி. டிவிக்கு மேலேதான் சாமிப் படமும் எங்கள் வீட்டுக்காரரின் படமும் இருக்கின்றன. அடுப்படித் துணியை எடுத்து வந்து டிவியை மூடினேன்.

“அது விளம்பரம் அப்பாயி. நாலு தரம் அமத்துனாப் போயிரும்.”

“இந்த ஆட்டத்த யாரு நமக்குக் குடுக்கிறது?”

“யாரோ. காசு கட்டிப் பார்க்கிறவங்ககிட்டருந்து எடுத்துப் போடுறாங்க.”

“அப்ப களவு.”

“ஊரே பார்க்குது.”

“ஊரே பார்த்தா களவு இல்லன்னு ஆயிருமா?”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் ராத்தா, சற்று நேரத்தில் துணியை நானே எடுத்தேன். பந்து நடு மைதானத்தில் கிடந்தது. அதற்குள் சந்தியில் இருக்கிற சலூனில் ‘கோல்’ என்று கத்தினார்கள். அரை நிமிஷம் கழித்துத்தான் என் டிவியில் அந்தப் பந்து வலைக்குள் போனது. இதற்குப் பெயர் லைவாம். அடுத்தவன் மென்று துப்பிய வெற்றிலையை வாயில் வாங்கியது போல இருந்தது. அணைக்கச் சொல்லிவிட்டேன்.

யார் வாசலிலும் போய் நிற்கிறவள் இல்லை நான். உங்களுக்குத் தெரியாததா? எங்கள் ஏரியலைக் காற்று முறித்த வருஷம், “உள்ள வந்து பாரு புள்ள” என்று எத்தனை தரம் கூப்பிட்டீர்கள். பெருநாளுக்கு வட்டிலப்பம் சாப்பிட வருவேன். ஆட்டம் நடக்கும்போது மட்டும் வரமாட்டேன். கழுவின சட்டியையே மறுபடி கழுவிக்கொண்டு மதிலோரம் நின்று சத்தத்தைக் கேட்பேன். மூன்றாவது வாரம் நீங்களே வயர் நுனியை மதிலுக்கு மேலால் நீட்டினீர்கள்.

“இத உன் டிவியில மாட்டு. இந்த ஏரியலுக்கு ரெண்டு டிவி வேணுமாம். ஒன்ன மட்டும் மாட்டினா கரண்ட் கூடிப் படம் எரிஞ்சு போகும்னு கடக்காரன் சொல்றான்.”

ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்குக் கரண்டைப் பற்றி என்ன தெரியும்? உங்களுக்கு நான் உதவி செய்கிறேன் என்ற நினைப்பில், பெருமையாகத்தான் மாட்டிக்கொண்டேன்.

அதிலிருந்து சனிக்கிழமைகளில் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து உங்கள் குரல் வரும். “பந்து எங்க புள்ள?”

“இடப்பக்கம் ராத்தா. கொடிக்கிட்ட.”

“எனக்குக் காணலியே.”

“கண்ணாடி போடுங்க. இப்பிடியே போனா நடுவரப் பந்துன்னு நெனச்சிருவீங்க.”

மக்ரிபுக்குப் பாங்கு சொன்னதும், “தொழுதுட்டு வாறேன், அதுக்குள்ள கோல் போட விடாத” என்பீர்கள். நான் என்னமோ கம்பத்துக்கு நடுவில் நிற்கிற மாதிரி. தெருவில் வெண்டைக்காய் விற்றுப் போகிறவள்கூடக் கேட்டுச் சிரிப்பாள்.

நேற்று உங்கள் பழைய வீட்டு வாசலில் போய் நின்றேன் ராத்தா. வாழ்நாளில் முதல் தரம் ஒருவரிடம் கேட்டேன், அந்த ஏரியலை. புதிதாக வந்த அம்மா, “பழைய இரும்புக்காரனுக்குக் குடுக்க வச்சிருந்தோம், எடுத்துக்கங்க” என்று இரண்டு விரலால் தள்ளிவிட்டார். எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

இன்று காலை ரேடியோ திருத்துகிற முத்தையாவைக் கூப்பிட்டேன். வயரை இரண்டாகப் பிரிக்கிற அந்தச் சின்னப் பெட்டியைக் கையில் எடுத்து, “இது இனி தேவல்ல, வீசிருவோம்” என்றார்.

“வீசினா படம் எரிஞ்சு போகாதா?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “யாரும்மா சொன்னது? ஒரு ஏரியல்ல ரெண்டு டிவி மாட்டினா ரெண்டுலயும் படம் மங்கும். அந்த வீட்டு டிவி பழசு வேற. அவங்களுக்கு வெறும் வெள்ளப் புள்ளிதான் தெரிஞ்சிருக்கும். ரெண்டு தரம் என்னக் கூப்பிட்டுக் காட்டினாங்களே. பெட்டியக் கழட்டுவோம்னேன். வேணாம்னுட்டாங்க.”

சலூன்காரன் கத்தியபோது வந்த அருவருப்பு ஒன்றுமில்லை ராத்தா. காலையிலிருந்து எனக்கு என் மேல் வருகிற அருவருப்பை எந்தச் சோப்பால் கழுவுவது? உங்கள் கண்ணில் ஒரு குறையும் இருக்கவில்லை. ஒரே ஒரு சனிக்கிழமை நான் உங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும். வீம்பு விடவில்லை. பந்து தெரியாத டிவிக்கு முன்னால் உங்களை இத்தனை வருஷம் உட்காரவைத்துவிட்டு, கண்ணாடி போடச் சொல்லிக் கேலி வேறு பண்ணியிருக்கிறேன்.

“அந்தப் பெட்டியையும் சேத்துப் பூட்டு முத்தையா” என்றேன். “ஒரு வயரு எனக்கு. மத்தது மதில் மேல கெடக்கட்டும்.”

“அங்க மாட்ட டிவி இல்லையேம்மா. சும்மா கெடந்தாலும் பாதியத் தின்னுரும்.”

“தின்னட்டும்.”

ஏணி எடுத்து வரப் போயிருக்கிறார். பின்னேரம் ஆட்டம் இருக்கிறது. உங்கள் கூரையைவிட என் கூரை தாழ்வு, இனி வெள்ளைப் புள்ளிக்குள் பந்து எனக்கும் காணாமல் போகும். அப்போது மதில் பக்கம் திரும்பி நான் கேட்பேன், பந்து எங்கே ராத்தா என்று.